நான்காவது வரிசை

துப்பாக்கிச் சங்கத்துச் சின்னம் கீழறைப் பெஞ்சின் இழுப்பறையில் இல்லை. எண்ணெய்த் துணிகளுக்கு அடியிலும் இல்லை. வெர்னா முட்டி போட்டு பெஞ்சுக்குக் கீழே கைவிட்டுத் துழாவினாள். கறுப்பு உடையில் தூசி ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். சவப்பெட்டியை மூடுவதற்குள் அந்தப் பித்தளைச் சின்னத்தை கணவர் ஹால்வரின் கோட்டில் குத்த வேண்டும், ஒன்பது மணிக்குள் கொடுத்தனுப்புங்கள் என்று அடக்கம் செய்பவர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

எழுந்து மேல் தட்டில் தேடினாள். குண்டுப் பெட்டிகள், கேப்புப் பெட்டிகள், காலிக் கூடுகள் நிறைந்த காப்பி டின்கள். அவற்றுக்கு முன்னால், அங்கே இருக்கவே கூடாத ஒன்று இருந்தது. இருபது தோட்டா கொள்ளும் சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் ஒட்டிய வெள்ளைத் தாளில் ஹால்வரின் கட்டை எழுத்தில் தோட்டா அளவும் தேதியும் பெயரும்: முப்பது-ஆறு. மார்ச் 14. லைலுக்கு.

இந்தப் பெட்டியை அன்றைக்கே பிரித்துக் கொட்டிவிட்டதாக ஹால்வர் அவளிடம் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில், மான்டானாவின் இந்தக் கோதுமைக் காட்டில், துப்பாக்கி சுடுகிறவன் கடையில் தோட்டா வாங்கினால் மற்றவர்கள் அவனை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சுட்டு முடித்த கூட்டைப் பொறுக்கி வந்து, கழுவி, அடியில் தீப்பற்ற வைக்கும் புதுக் கேப்பு அழுத்தி, வெடிமருந்து அளந்து ஊற்றி, குண்டை மேலே வைத்து அமுக்கி, தானே தோட்டாவாக்கிக்கொள்பவனுக்குத்தான் மரியாதை. ஹால்வர் அதை இந்தக் கீழறையில் நாற்பத்தாறு வருடம் செய்தார். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். பெஞ்சின்மேல் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பா. இரண்டாவது டப்பாவைத் திறக்க வேண்டுமானால் முதல் டப்பா மூடி அலமாரிக்குள் போய்விட வேண்டும். நீளத் துப்பாக்கிக்கு ஊற்ற வேண்டிய இடத்தில் கைத்துப்பாக்கி மருந்தை ஊற்றினால் அது துப்பாக்கியின் பின்பக்கத்தைப் பிளந்துகொண்டு சுடுகிறவன் முகத்துக்கு வரும்.

அந்தப் பதினான்காம் தேதி வெர்னா துவைத்த துணியை எடுக்கக் கீழே வந்தபோது பெஞ்சின்மேல் இரண்டு டப்பா திறந்திருந்தது. மருந்து அளக்கும் கருவியின் குழல் பாதி நிறைந்திருந்தது. ஹால்வர் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு டப்பாக்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதை ஊத்தினேன் வெர்னா?"

"எனக்கெப்படித் தெரியும் ஹால்வர்?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்." குழலைப் பார்த்தபடி, "யார்கிட்டயும் சொல்லாத. ஓரின்கிட்ட சொல்லாத. அவன்கிட்ட சொல்லவே சொல்லாத," என்றார்.

ஓரின் சங்கத்து நண்பன். அவன் என்றால் லைல். அவள் பெற்ற ஒரே பிள்ளை. பத்தொன்பது வயதில் இதே பெஞ்சில் இரண்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மாடியில் போன் பேசப் போனவன். ஹால்வர் கத்தவில்லை. இரண்டையும் மூடினார். "இந்தப் பெஞ்சுல நீ இனிமே உக்காரக் கூடாது," என்று ஒரே வரி சொன்னார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் போய்விட்டது. லைல் பில்லிங்ஸ் நகரத்தில் லாரி ஓட்டுகிறான். கிறிஸ்துமஸுக்குப் பேசுவான். அப்பாவும் பிள்ளையும் பனி எவ்வளவு விழுந்தது என்று பேசிவிட்டு வைத்துவிடுவார்கள்.

எல்லாத்தையும் பிரிச்சுட்டேன் என்று அன்று சாயங்காலம் ஹால்வர் சொன்னபோது வெர்னா போய்ப் பார்க்கவில்லை. பார்க்க மனசில்லை என்பதுதான் உண்மை. அந்த வாரமே ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு வைத்துவிட்டு, "லைல் ஸ்கூல் விட்டு வந்துட்டானா?" என்று கேட்டார். அடுத்த இரண்டு வாரத்தில் சட்டைப் பொத்தான் போட மறந்தது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மறந்தது. கடந்த செவ்வாய்க்கிழமை மதியம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலுறை ஒன்றைக் கையில் பிடித்தபடி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பவர் மாதிரியே செத்துப்போனார். இதயம் என்றார் டாக்டர்.

இப்போது வெர்னா பெட்டியைத் துணி மெஷினுக்குப் பின்னால் போட்டுவிடலாம் என்று திரும்பினாள். படியில் லைல் நின்றுகொண்டிருந்தான். கழுத்துப்பட்டையை முடிச்சுப் போடத் தெரியாமல் கையில் பிடித்திருந்தான்.

"அம்மா, இதைக் கொஞ்சம்..." என்றவன் நிறுத்தினான். "அது என்ன?"

"ஒண்ணுமில்ல. பழசு."

அதற்குள் அவன் மூடியைப் படித்துவிட்டான். பெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கவில்லை, மெதுவாக வாங்கிக்கொண்டான். நாற்பத்தொரு வயது ஆம்பிளை, தன் பெயரை முதல்முறையாக எழுத்துக்கூட்டிப் படிப்பவன் மாதிரிப் படித்தான்.

"எனக்கா? அப்பாவா?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சம். ஆனால் அவன் முகத்தைப் பார்த்த எந்தத் தாய்க்கும் வாய் வந்திருக்காது.

"தாத்தாவோட முப்பது-ஆறு துப்பாக்கி என்கிட்ட இருக்குன்னு அவருக்கு ஞாபகம் இருந்திருக்கு பாரேன்," என்றான் லைல். "ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம் மனுஷன்."

"லைல், அந்தப் பெட்டி இங்கயே இருக்கட்டும்ப்பா."

"ஏன்?"

"இன்னிக்கு எதுக்கு அதைத் தூக்கிக்கிட்டு? அப்புறமா..."

"இன்னிக்குத்தாம்மா வேணும்," என்று சொல்லிப் பெட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். சங்கத்துச் சின்னம் கடைசியில் பெஞ்சுமேலேயே, திருகாணி டப்பாவில் கிடந்தது.

லுத்தரன் கோயிலில் ஜெபம் முடிந்து, கல்லறையில் பாதிரியார் குளிரில் வேகவேகமாகப் படித்து முடித்து, எல்லோரும் கோயில் கீழறைக்குச் சாப்பிட வந்தார்கள். பன்றித்தொடை வைத்த ரொட்டி, பாலாடையில் வேகவைத்த உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி, காப்பி. வெர்னா தட்டைத் தொடவில்லை. கோட்டுகள் மாட்டியிருந்த பக்கம் போய் லைலின் கோட்டுப் பைக்குள் கைவிட்டாள். லாரிச் சாவியும் கையுறையும் மட்டும் இருந்தன.

பெட்டி ஓரின் மேசையில் இருந்தது. ஹால்வரோடு நாற்பது வருடம் பக்கத்துப் பக்கத்தில் படுத்துச் சுட்டவன் ஓரின். இப்போது சங்கத் தலைவன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூடியைப் பார்த்தான்.

"மார்ச் பதினாலு. அப்ப இதுதான் கடைசிப் பெட்டி," என்றான். "கிழவன் உனக்குன்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்கான் பார்த்தியா? நீ கடையில வாங்கிச் சுடுறியாமே, அந்த வயித்தெரிச்சல்ல பண்ணியிருப்பான்."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். லைலும் சிரித்தான். அவன் இந்த ஆட்களோடு சேர்ந்து சிரித்து வெர்னா பார்த்து வெகுநாள் ஆயிற்று.

எங்கள் ஊரில் ஒருவன் நிரப்பிய தோட்டாவை இன்னொருவன் சுட மாட்டான். பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூட இரவல் கேட்கலாம், இதைக் கேட்கக் கூடாது. கண்ணும் கையும் போகிற விஷயம். அதற்கு ஒரே ஒரு விலக்கு சாவு. சங்கத்தில் ஒருவன் செத்தால், அடக்கம் முடிந்து, அவன் நிரப்பிய கடைசிப் பெட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு தோட்டா எடுத்து அறுநூறு கெஜத்தில் ஒரே இலக்குத் தாளைச் சுடுவார்கள். உன் கையை நாங்கள் நம்புகிறோம் என்று அதற்கு அர்த்தம். துளை விழுந்த தாளில் அவன் பெயரை எழுதிச் சங்கத்துச் சுவரில் மாட்டுவார்கள். அங்கே இப்போது பதினேழு தாள் இருக்கிறது.

"மூணு மணிக்கு," என்றான் ஓரின். "லைல், நீதான் மொதல்ல."

"நானும் வரேன்," என்றாள் வெர்னா.

ஓரின் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தான். "குளிருதே வெர்னா. பொம்பளைங்க யாரும் வர்றதில்லையே."

"வரேன்."

சுடுகளத்தில் தரையெல்லாம் அழுக்குப் பனி. எட்டுப் பேர் நின்றார்கள். லைல் பாயை விரித்துக் குப்புறப் படுத்தான். பெட்டியைத் திறந்து கடைசி வரிசையில் மூலைத் தோட்டாவை எடுத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, துப்பாக்கிக்குள் விட்டு மூடினான். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்தான். பிளந்தால் அங்கேதான் வரும் என்று வெர்னாவுக்குத் தெரியும். அந்தக் கன்னத்துக்கு, அந்தக் கண்ணுக்கு.

அவளுக்கு ஹால்வர் மேல் அப்போது கோபம் வந்தது. யார்கிட்டயும் சொல்லாத என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்ட மனுஷன். சொன்னால் நாற்பத்தாறு வருடப் பெயர் போகும். அது போனால் போகட்டும். இந்தப் பையனிடம் உன் அப்பா உனக்குக் கொடுத்தது புத்தி கெட்டுக் கொடுத்தது என்று எப்படிச் சொல்வது? ஆயுசில் ஒரே ஒரு தடவை கொடுத்தது.

சுடுகளத்தில் ஒரு சொல் உண்டு. அதை யார் சொன்னாலும், வழிப்போக்கன் சொன்னாலும், அந்த நொடியே எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும்; ஏன் என்று அப்புறம்தான் கேட்கலாம்.

"நிறுத்து!" என்று கத்தினாள் வெர்னா.

லைலின் விரல் விலகியது. பழக்கம் அது. எட்டுப் பேரும் திரும்பினார்கள்.

"அதைச் சுடாதீங்க. அந்த மருந்துல கலப்பு இருக்கு. நான்தான் கலந்தேன்."

"என்னம்மா சொல்ற?" என்றான் லைல் படுத்தபடியே.

"அவர் முந்தின நாள் கைத்துப்பாக்கிக்கு நிரப்பிட்டு இருந்தாரு. போன் வந்து மேல வந்தாரு. நான் அந்த நேரம் கீழ பெருக்கிட்டு இருந்தேன். குழல்ல மருந்து இருந்துது, அப்படியே விடக் கூடாதுன்னு சொல்லுவாரே, டப்பாவுல திருப்பிக் கொட்டிட்டேன். நீளத் துப்பாக்கி டப்பாவுல. தப்பான டப்பா." அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது மாதிரிக் கேட்டது. "மறுநாள் அந்த டப்பாவுலதான் இதை நிரப்பினாரு. நான் சொல்லல. பயமா இருந்துது."

எட்டில் ஒருவன் பனியில் எச்சில் துப்பினான். ஓரின் தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்துக்கொண்டான்.

"பெத்த பிள்ளை படுத்து, துப்பாக்கிய மூடுற வரைக்கும் பார்த்துக்கிட்டு நின்னியே வெர்னா."

"ஆமா."

"நாப்பத்தாறு வருஷம் அந்த ஆள் ஒரு தப்புப் பண்ணல. நீ ஒரு துடைப்பக்கட்டையைத் தூக்கிட்டுப் போய்..." மேலே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் வாங்கிக்கொண்டாள். அவர்கள் எவ்வளவு சுலபமாக நம்பினார்கள் என்பதுதான் சுருக்கென்றது. லைல் துப்பாக்கியைத் திறந்தான். தெறித்து வந்த தோட்டாவை உள்ளங்கையில் பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அறுநூறு கெஜத்துக்கு அப்பால் வெள்ளைத் தாள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வர ஒருவன் நடந்து போனான்.

வீட்டுக்கு லைல் லாரியை ஓட்டினான். பாதி வழியில், "அப்பா இது தெரியாமலே போயிட்டாரு, இல்ல?" என்றான்.

"தெரியாது."

"நல்லவேளை." கொஞ்சம் சிரித்தான். "அந்தப் பெஞ்சுல உக்காரக் கூடாதவங்க இப்ப வீட்டுல ரெண்டு பேர்ம்மா."

அவன் திட்டுவான் என்று அவள் தயாராக இருந்தாள். இதற்குத் தயாராக இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள், செவ்வாய்க்கிழமையிலிருந்து முதல் தடவையாக.

கீழறையில் லைல் நின்றுகொண்டே வேலையை ஆரம்பித்தான். வெர்னா முக்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு உட்கார்ந்தான்.

தோட்டாவைப் பிரிக்க ஒரு சுத்தியல் உண்டு. தலை உள்ளே பொந்தாக, பிளாஸ்டிக்கில் இருக்கும். அதற்குள் தோட்டாவை மாட்டிக் கட்டைமேல் தட்டினால் இரண்டு மூன்று தட்டில் குண்டு கழன்று மருந்தோடு உள்ளே விழும். லைல் தட்டினான். மேலே சமையலறையிலிருந்து வெர்னா கொண்டுவந்த வெள்ளைத் தட்டில் மருந்தைக் கொட்டி, விளக்கைப் பக்கத்தில் இழுத்தான். பென்சில் முனையை நறுக்கிப் போட்ட மாதிரிக் குட்டிக் குட்டிக் குச்சிகள். நீளத் துப்பாக்கி மருந்து.

"இதுல கலப்பு இல்லையே."

"எல்லாத்துலயுமா இருக்கும்?" என்றாள் வெர்னா.

"ஒரே டப்பாவுல கலந்தா எல்லாத்துலயும் வரும்மா." ஆனாலும் அடுத்ததை எடுத்தான்.

முதல் வரிசை ஐந்திலும் குச்சி. இரண்டாவது வரிசையிலும் குச்சி. மூன்றாவது முடியும்போது அவன் தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து விரலால் கிளறிப் பார்த்தான். வேறு எதுவும் ஒரு துணுக்குக்கூட இல்லை. வெர்னா பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு மருந்தைப் பற்றித் தெரியவில்லை. அது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

நான்காவது வரிசையின் முதல் தோட்டாவைத் தட்டி, ஒரு காப்பி டின் மூடியில் தனியாகக் கொட்டினான். உடைத்த மிளகு மாதிரித் தட்டை தட்டையான செதில்கள். ஒரு குச்சிகூட இல்லை. சுத்தமான கைத்துப்பாக்கி மருந்து.

அடுத்ததும் செதில். அடுத்ததும், அதற்கடுத்ததும். கடைசியில் சட்டைப் பையிலிருந்து அந்த ஒன்றை எடுத்தான். மற்றவற்றைவிட மெதுவாகத் தட்டினான், இரண்டு தட்டுப் போதாமல் நான்கு தட்டினான். செதில்.

அந்தப் பெஞ்சில் ஒரு நாளாவது உட்கார்ந்தவனுக்கு அதைப் படிக்க வேறு யாரும் சொல்லித்தர வேண்டாம். எந்த டப்பாவிலும் எதுவும் கலக்கவில்லை. நிரப்பிக்கொண்டிருந்தவர் மூன்று வரிசை முடித்து, குழல் காலியானதும், கைக்கு வந்த டப்பாவைத் திறந்து ஊற்றியிருக்கிறார். இரண்டு டப்பாவும் பெஞ்சின்மேல் திறந்து இருந்திருக்கிறது.

லைல் வலது கண்ணை உள்ளங்கையால் மூடினான். பிறகு கையை எடுத்தான்.

"எப்பலேர்ந்தும்மா?"

"என்ன எப்பலேர்ந்து?"

அவன் அவளையே பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. மூன்று தட்டு வைத்த சாப்பாட்டு மேசையைப் பற்றி அவன் கேட்கப் போகிறானோ என்று அவளுக்குப் பயம். எதைச் சொன்னாலும் அதை மட்டும் சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணினாள். லைல் பார்வை மூடியில் இருந்த தன் பெயருக்குப் போனது. அதை விரலால் தடவினான். ஒரு ஓரம் லேசாகக் கிளம்பியிருந்தது. நகத்தால் அழுத்தி ஒட்டினான்.

"ஒண்ணுமில்ல," என்றான்.

செதில் மருந்தைக் குச்சி மருந்தின்மேல் கொட்டினான். இரண்டையும் விரலால் நன்றாகக் கலந்தான். வெர்னா பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினான்.

மேலே கதவைத் தட்டும் சத்தம். ஓரின் சுருட்டிய இலக்குத் தாளோடு வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"பிரிச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்." லைல் தட்டை நீட்டினான். "எல்லாத்துலயும் கலந்துதான் இருக்கு."

ஓரின் குனிந்து பார்த்தான். குச்சியும் செதிலுமாகக் கிடந்ததைப் பார்த்துத் தலையை ஆட்டினான். லைலின் தோளுக்கு மேலே வெர்னாவை ஒரு தடவை பார்த்தான். வணக்கம் சொல்லவில்லை. இனிமேல் சொல்வானா என்பதும் சந்தேகம்தான்.

"சுவர்ல இடத்தை வெறுமனே விட முடியாது," என்றான். "பேரை எழுதிக் குடு. உன் கையெழுத்து அவன் எழுத்து மாதிரியே இருக்கும். மாட்டிடுறேன்."

"உள்ள வாங்க ஓரின். காப்பி இருக்கு," என்றாள் வெர்னா.

"இல்ல, இங்கயே நிக்கிறேன்."

லைல் பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனான். பனிக்கு அடியில் தக்காளிப் பாத்தி இருந்த இடத்தில் தட்டில் இருந்ததை வீசிக் கொட்டினான். பழைய மருந்தை ஹால்வர் அங்கேதான் கொட்டுவார், செடிக்கு நல்லதென்று. திரும்பி வந்து கையைக் கழுவினான்.

சமையலறை மேசையில் தாளை விரித்தான். அது திரும்பத் திரும்பச் சுருண்டுகொண்டது. வெர்னா ஒரு மூலையில் உப்புக் குப்பியையும், எதிர்மூலையில் ஹால்வரின் காப்பிக் கோப்பையையும் வைத்தாள். மற்ற இரண்டு மூலைகளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். லைல் கட்டை எழுத்தில் அப்பாவின் பெயரை எழுதி, கீழே பிறந்த வருடத்தையும் செத்த வருடத்தையும் எழுதினான். நடுவில் கறுப்பு வட்டம் ஒரு துளைகூட இல்லாமல் முழுசாக இருந்தது.